நின்றும் நில்லாக் கப்பல்

நங்கூரம் பாய்ச்சிவிட்டால் கப்பல் நின்றுவிடும் என்பது கரையில் வாழும் நம்மனோரின் நம்பிக்கை. கடலோடிகளின் அனுபவமோ வேறு. நங்கூரம் கப்பலை ஓடவொட்டாமல் தடுக்கும். ஆனால் அசையவொட்டாமல் தடுக்காது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து, அதற்கு மாற்றுக் காண மனித குலம் பல நூற்றாண்டுகள் முயன்றது. அம்முயற்சியின் வழியெங்கும் மூழ்கிய கப்பல்களும் மாண்ட மாலுமிகளும் உண்டு. அவ்வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பங்கள் படித்து மகிழத்தக்க அளவில் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுவோம். ஒரு பொங்கல் விடுமுறையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த சில குடும்பங்களோடு மும்பை அப்போலோ பந்தருக்குச் சென்றிருந்தோம். பெரியவர்கள் 'கேட்வே ஆப் இந்தியா' வாயிலின் நிழலில் அமர்ந்து, கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்துக்கொண்டிருந்தனர். குழந்தைகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கரைக்குச் சற்று அப்பால் சில பாய்ப் படகுகள் பாய் சுருட்டி நின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் வலப்புறம் சிறிது தூரம் செல்வதும், திடீரெனத் தலையைத் திருப்பி இடப்புறம் செல்வதுமாக ஓயாது ஆடிக்கொண்டிருந்தது. "அப்பா, அதைத்தான் கட்டிப் போட்டிருக்கிறார்களே, பிறகு ஏன் அது ஓரிடத்தில் நிற்கவில்லை?" என்று நம் பெண் கேட்டாள். சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக வேகன் கணக்கு எழுதிவரும் நமக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. "காற்று அடிக்கிறதம்மா" என்றோம். "எல்லாப் படகுக்கும் அதே காற்றுத்தானே?" என்றாள். அக்கேள்வி நம்மை நூலகத்துக்கு அனுப்பியது.

ஊசலாட்டத்தின் காரணம்

கப்பலின் முகப்பை அணியம் என்றும், பின்புறத்தைப் பின்னணியம் என்றும் வழங்குவர். நங்கூரத்தின் வடம் பொதுவாக அணியத்திலேயே பிணிக்கப்படுகிறது. காற்று எதிரே வீச, கப்பல் காற்றுக்கு முகங்காட்டி நிற்கும். ஆயின் காற்று என்பது ஒரே திசையில், ஒரே வேகத்தில் வீசும் பொருள் அன்று. அது சற்றே ஒருபுறம் சாய்ந்து வீசினாலும் அணியம் ஒதுங்கிவிடுகிறது. பல கப்பல்களில் பாய்மரமும் அதைத் தாங்கும் கயிறுகளும் முன்பக்கம் மிகுந்திருத்தலின், காற்றின் தள்ளுதல் அங்கேதான் அதிகம். நீருக்குள்ளோ, அடிமரமும் சுக்கானும் பின்பக்கம் ஆழ்ந்திருத்தலின், நீரின் தடை அங்கேதான் அதிகம். ஆகவே தலை விலகுகிறது. வால் நீரைப் பற்றிக்கொள்கிறது.

தலை விலகியதும் கப்பலின் விலாப்புறம் காற்றுக்கு இலக்காகிறது. பாய் விரிக்காத நிலையிலும் அவ்விலாவே பாய்போல் வேலை செய்து, கப்பலைப் பக்கவாட்டில் ஓட்டுகிறது. ஓடி ஓடி, வடம் இறுகும் எல்லையை எட்டியதும், வடம் அணியத்தை வெடுக்கென இழுத்துத் திருப்புகிறது. இப்பொழுது மற்றொரு விலா காற்றுக்குக் கிடைக்கிறது. கப்பல் மறுபக்கம் ஓடுகிறது. மேலிருந்து நோக்கினால் அது கடலின்மீது எட்டு என்னும் எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவதுபோல் தோன்றும். அடிமரத்தின் அமைப்பும் மரங்களின் இடமும் கப்பலுக்குக் கப்பல் வேறுபடுதலின், ஒரே காற்றில் ஒரு கப்பல் அடங்கி நிற்க, மற்றொன்று ஆடுகிறது. நம் பெண்ணின் கேள்விக்கு இதுவே விடை.

நம் இரயில்வே அன்பர்களுக்கு ஓர் உவமை சொன்னால் இன்னும் எளிதில் விளங்கும். சரக்கு வண்டித் தொடரின் நடுவிலுள்ள வேகன் முன்னும் பின்னும் பிணிக்கப்பட்டிருத்தலின் ஓரளவு அடங்கி ஓடும். கடைசியில் வரும் கார்டு வண்டியோ முன்புறம் மட்டுமே பிணிக்கப்பட்டது. அதில் பயணம் செய்தவர்க்கு அதன் ஆட்டம் தெரியும். நங்கூரமிட்ட கப்பலும் ஒரு கார்டு வண்டியே.

இந்த ஆட்டத்தால் வரும் கேடு சிறிதன்று. ஒவ்வொரு முறை வெடுக்கென இழுபடும்போதும் வடத்தின்மீது விழும் பளு, அமைதியாக நிற்கும்போது விழும் பளுவினும் பன்மடங்கு. இருபுறமும் மாறி மாறி இழுபடுவதால், நிலத்தில் நட்ட முளையை அசைத்துப் பிடுங்குவதுபோல், நங்கூரம் மண்ணில் நெகிழ்ந்துபோகிறது. வடம் கப்பலின் விளிம்பில் உராய்ந்து தேய்கிறது. அருகில் நிற்கும் கப்பல்மீது மோதும் அபாயமும் உண்டு. அமைதியான இரவில் மாலுமியின் உறக்கம் கெடுவதோடு போகும்; புயல் இரவில் உயிரே போகும்.

இரண்டாம் நங்கூரம்

இதற்குப் பண்டைக் கடலோடிகள் கண்ட முதல் மாற்று இரண்டாவது நங்கூரமாகும். ஓதம் ஏறியிறங்கும் துறைகளில், நீரோட்டம் உள்ளே பாயும் திசையில் ஒன்றும், வெளியே பாயும் திசையில் ஒன்றுமாக இரு நங்கூரங்களை இட்டு, இரண்டின் வடங்களையும் அணியத்தில் பிணித்து, கப்பலை நடுவே நிறுத்தினர். ஒரே முளையில் நீண்ட கயிற்றால் கட்டிய மாடு பெரிய வட்டத்தில் மேயும். எதிரெதிரான இரு முளைகளுக்கு இடையே கட்டிய மாடு ஓரிடத்தில்தான் திரும்ப முடியும். அதுபோலவே கப்பலும் சிறு வட்டத்துக்குள் அடங்கிற்று. நெருக்கமான துறைகளில் பல கப்பல்கள் ஒருங்கே நிற்க முடிந்தது இம்முறையினால்தான்.

ஆனால் இதிலும் ஒரு தொல்லை உண்டு. ஓதம் மாறுந்தோறும் கப்பல் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தால் இரு வடங்களும் பின்னலிட்ட சடைபோல் முறுக்கிக்கொள்ளும். அவசரத்தில் நங்கூரத்தைத் தூக்க இயலாது. ஆகவே ஓதம் மாறும் நேரமெல்லாம் ஒருவர் விழித்திருந்து, கப்பல் எப்பக்கமாகத் திரும்புகிறது என்று கவனித்து, முறைமாற்றித் திருப்பவேண்டும். பிற்காலத்தில் இரு சங்கிலிகளுக்கும் இடையே சுழல்வளையம் ஒன்றைப் பொருத்தி இத்தொல்லையைக் குறைத்தனர்.

எத்தனை நங்கூரம் இட்டாலும் திறந்த கடலில் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு நம் சென்னையே சான்று. இன்று பெருந்துறைமுகமாக விளங்கும் சென்னைக்கு அந்நாளில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே, அக்டோபர் இரவொன்றில், வடகிழக்குப் பருவத்தின் பெரும்புயல் அவருடைய கப்பற்படையைத் தாக்கியது. பீரங்கிக் குண்டுகளால் அழியாத கப்பல்களைக் காற்று அழித்தது. சில கப்பல்கள் மூழ்கின. எஞ்சியவை பாய்மரங்களை இழந்து தத்தளித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய புயலில் வடத்தை வெட்டிவிட்டு, கரையைவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே அக்கால மாலுமிக்கு எஞ்சியிருந்த வழி. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணியும் 1881 நவம்பர்ப் புயலில் பெரிதும் சிதைந்து, மீண்டும் கட்டப்பெற்றே நிறைவெய்தியது.

அபுகீரில் விட்ட இடைவெளி

ஊசலாட்டம் ஒரு கப்பலை மட்டுமன்றி ஒரு போரையே தோற்கச் செய்தது உண்டு. அது 1798-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள், எகிப்து நாட்டின் அபுகீர் வளைகுடாவில் நிகழ்ந்தது. நைல் போர் என்று வரலாற்றில் பெயர் பெற்றது அதுவே.

நெப்போலியனையும் அவருடைய சேனையையும் எகிப்தில் இறக்கிவிட்ட பிரெஞ்சுக் கப்பற்படை அவ்வளைகுடாவில் நங்கூரமிட்டு நின்றது. 13 பெரும் போர்க்கப்பல்களை ஒரே வரிசையாக நிறுத்தியிருந்தார் தளபதி புரூயே. வரிசைக்கு ஒருபுறம் கடல். மறுபுறம் ஆழமற்ற மணல்திட்டுக்கள். பகைவர் கடற்புறமாகத்தான் வரமுடியும், கரைப்புறமாக எவரும் நுழைய முடியாது என்பது அவருடைய கணக்கு. ஆகவே கடற்புறத்துப் பீரங்கிகளே ஆயத்தமாக இருந்தன. கரைப்புறத்துப் பீரங்கிகளைச் சுற்றிலும் பலவகைப் பொருள்கள் அடைந்து கிடந்தன. மாலுமிகளில் ஒரு பகுதியினர் குடிநீருக்குக் கிணறு தோண்டக் கரைக்கும் போயிருந்தனர்.

அக்கணக்கில் ஒரு பிழை இருந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் அணியத்தில் மட்டும் நங்கூரம் பிணித்து நின்றன. அவ்வாறு நிற்கும் கப்பல், காற்று மாறினால் தன் வடத்தின் நீளத்திற்குச் சுழலும். சுழலும்போது மணலில் தட்டாதிருக்க வேண்டுமாயின், மணல்திட்டிலிருந்து அவ்வளவு தொலைவேனும் விலகி நின்றாக வேண்டும். வரிசையின் முதற் கப்பலான 'கெரியே' அவ்வாறே விலகி நின்றது. கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையிலும் ஏறத்தாழ 160 கஜ இடைவெளி விடப்பட்டிருந்தது. கப்பல்களை வடங்களால் ஒன்றோடொன்று பிணிக்கவும், நங்கூர வடத்தில் துணைக்கயிறு கட்டிக் கப்பலை வேண்டியவாறு திருப்ப ஏற்பாடு செய்யவும் புரூயே கட்டளையிட்டிருந்தார். அக்கட்டளையை எல்லாக் கப்பல்களும் நிறைவேற்றவில்லை.

மாலை ஆறு மணிக்குமேல், வடக்கிலிருந்து வீசிய காற்றைப் பின்னே கொண்டு நெல்சனின் கப்பல்கள் வந்தன. முன்னால் வந்த 'கோலியாத்' கப்பலின் தலைவர் போலே. பகைவரின் கப்பல் சுழல இடம் இருக்குமானால், நம் கப்பல் நுழையவும் இடம் இருக்கும் என்ற எளிய உண்மையை ஆங்கிலேயர் உணர்ந்துகொண்டனர். போலே தம் கப்பலை வரிசையின் தலைப்பைச் சுற்றிக் கரைப்புறமாகச் செலுத்தினார். அவரைத் தொடர்ந்து மேலும் நான்கு கப்பல்கள் சென்றன. நெல்சன் ஏறியிருந்த 'வான்கார்டு' முதலிய பிற கப்பல்கள் கடற்புறமாக நெருங்கின. ஒரே பிரெஞ்சுக் கப்பலை இருபுறமும் இரு கப்பல்கள் தாக்கும் நிலை ஏற்பட்டது. காற்று எதிராக இருந்தமையால் வரிசையின் கடைசியில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் முன்னால் சென்று உதவ இயலவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. ஆங்கிலேயர் தம் நங்கூரத்தை அணியத்தில் அன்றி, பின்னணியத்தில் பிணித்து இறக்கினர். காற்றோ அவர்களுக்குப் பின்னால். அணியத்தில் நங்கூரம் இட்டிருந்தால் ஒவ்வொரு கப்பலும் காற்றை நோக்கி முழுதும் சுழன்றிருக்கும். சுழலும் அந்நேரத்தில் அதன் பீரங்கிகள் பயனற்றுப்போயிருக்கும். பகைவரின் குண்டுகளுக்கு அதன் முகமும் முதுகும் இலக்காகியிருக்கும். பின்னணியத்தில் பிணித்தமையால் அவை வந்தவாறே நின்றன. விலாப்புறத்துப் பீரங்கிகள் பகைவரை நோக்கியவாறே இருந்தன. வடத்தில் கட்டிய துணைக்கயிற்றை இழுத்தும் தளர்த்தியும், பாயின் உதவியின்றியே கப்பலைத் திருப்பவும் முடிந்தது.

அன்றிரவு பத்து மணியளவில் புரூயேயின் தலைமைக் கப்பலான 'ஒரியான்' தீப்பற்றி வெடித்துச் சிதறிற்று. அதற்கு முன்பே புரூயே போர்க்களத்தில் மாண்டிருந்தார். வெடியோசையைக் கேட்டு இருதரப்புப் பீரங்கிகளும் சிறிதுநேரம் ஓய்ந்துபோயின என்பர். போர் முடிந்தபோது 13 பிரெஞ்சுப் பெருங்கப்பல்களில் 11 அழிந்தன அல்லது பிடிபட்டன. 2 மட்டுமே தப்பின. இத்தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலாவது, கப்பல் ஊசலாடுவதற்காக விட்டுவைத்த அந்த இடைவெளி.

மும்பைக்கு வந்த செய்தி

எகிப்தில் நிகழ்ந்ததற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. எகிப்தைப் பற்றிக்கொண்டு இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரை அச்சுறுத்துவது நெப்போலியனின் நோக்கங்களுள் ஒன்று. மைசூரின் திப்பு சுல்தானோ பிரெஞ்சுக்காரரின் துணையை நாடியிருந்தார். 1798-இல் மொரீஷியஸ் தீவிலிருந்து அவருக்கு வந்துசேர்ந்தவர்கள் 100 பேர் அளவினரே. பெரும்படை எகிப்து வழியாக வருமோ என்ற அச்சம் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கலக்கிக்கொண்டிருந்தது.

ஆகவே போர் முடிந்ததும் நெல்சன், டுவால் என்னும் லெப்டினன்டைக் கடிதங்களுடன் மும்பைக்கு அனுப்பினார். அவர் அலெப்போ, பாக்தாத், பஸ்ரா வழியாகத் தரையும் கடலும் கடந்து அக்டோபர் மாதத்தில் இந்நகரை அடைந்தார். நாம் இன்று குழந்தைகளுடன் உலாவும் இதே நகரில்தான் அச்செய்தி முதன்முதலில் இந்திய மண்ணில் இறங்கிற்று. கம்பெனி நெல்சனுக்கு 10,000 பவுன் பரிசளித்தது. கம்பெனிக்கு அது நிம்மதி தந்த செய்தி. திப்புவுக்கோ, எதிர்பார்த்த துணை கடலோடு போயிற்று என்ற செய்தி. 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்தது. திப்புவும் போரிட்டு மடிந்தார். அபுகீரின் மணல்திட்டுக்கும் காவிரியின் தீவுக்கும் இடையே இப்படி ஒரு கயிறு ஓடுகிறது.

நார்வடமும் சங்கிலியும்

நெல்சன் காலத்துக் கப்பல்களின் வடம் நாரால் திரிக்கப்பட்டது. மிகப்பெரிய போர்க்கப்பலின் வடம் 24 அங்குலச் சுற்றளவு கொண்டது. ஒருவர் இரு கைகளாலும் வளைத்துப் பிடிக்கத்தக்க பருமன். நீரில் நனைந்தால் பளு ஏறும். பாறையில் உராய்ந்தால் அறுபடும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உளுத்துப்போகும். அதனினும் பெருங்குறை ஒன்று உண்டு. நீருக்குள் நார்வடத்தின் எடை குறைவு. காற்று இழுத்தவுடன் அது அணியத்திலிருந்து நங்கூரம்வரை நேர்க்கோடாக விறைத்துவிடும். கப்பல் வெடுக்கென இழுபடுவதைத் தாங்கி மெதுவாக்க அதனிடம் பளு இல்லை.

ஆங்கிலக் கப்பற்படையைச் சேர்ந்த சாமுவேல் பிரவுன் 1808-இல் இரும்புச் சங்கிலியை வடமாகப் பயன்படுத்தும் முறையைக் கொணர்ந்தார். 1813-இல் தாமஸ் பிரண்டன் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் குறுக்குக்கட்டை ஒன்றை வைத்து, கண்ணி நசுங்காதவாறும் சங்கிலி சிக்காதவாறும் செய்தார். சங்கிலியின் சிறப்பு அதன் வலிமை மட்டுமன்று, அதன் எடையுமாகும். அதன் ஒரு பகுதி கடலடியில் படிந்து கிடக்கும். எஞ்சியது ஊஞ்சற் சங்கிலிபோல் வளைந்து தொங்கும். காற்று கப்பலைத் தள்ளும்போது அவ்வளைவு முதலில் நிமிர்ந்தாக வேண்டும்; கிடக்கும் சங்கிலி தரையிலிருந்து எழுந்தாக வேண்டும். அதனால் இழுப்பு மெல்ல ஏறுகிறது. இலேசான காற்றில் கப்பல் கிடக்கும் சங்கிலியையே இழுத்துச் செல்ல வேண்டியிருத்தலின் ஆட்டமும் குறைகிறது. கடுங்காற்றில் சங்கிலி முழுதும் எழுந்துவிட்டால் ஆட்டம் மீளும். ஆயினும் முன்போன்ற வெடுக்கென்ற இழுப்பு இல்லை.

தரங்கெட்ட சங்கிலி நார்வடத்தினும் கொடியது. வெளியே நன்றாகத் தோன்றும் ஒரே ஒரு கண்ணியின் குறை, கப்பலையே காவுகொள்ளும். ஆகவே சங்கிலிகளையும் நங்கூரங்களையும் இழுத்துச் சோதித்த பின்னரே விற்கவேண்டும் என்ற நோக்கில் பிரிட்டனில் 1864-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

மீனவர் கண்ட வால்பாய்

சங்கிலியும் நங்கூரமும் முன்புறத்துப் பிணிப்புக்கள். பின்புறத்தை அடக்கும் எளிய வழி ஒன்றை மீனவர்கள் கையாண்டனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கிளாஸ்டர் ஊரின் மீனவர்கள், குளிர்காலத்தில் இரண்டு பாய்மர ஸ்கூனர்களில் சென்று, 'ஜார்ஜஸ்' என்னும் கடலடி மேட்டின்மீது நங்கூரமிட்டு மீன் பிடிப்பர். மீன் நிறைந்த இடம் சிறிது, கப்பல்களோ பல. நெருங்கி நிற்பதால் ஒன்று அளவுக்கு மீறி ஆடினாலும் ஆபத்து. ஒன்றன் வடம் அறுந்தால் அதனினும் ஆபத்து. ஆகவே பின்மரத்தில் மட்டும் ஒரு சிறு பாயை ஏற்றி வைப்பர். நம் ஊர்ச் சிறுவர் பட்டத்திற்கு வால் கட்டுவது எதற்காகவோ, அதற்காகவே அப்பாய். வாலில்லாத பட்டம் இங்கும் அங்கும் சாய்ந்து குத்தும். வால் கட்டியது நேரே நிற்கும். பின்பாயைக் காற்று பின்னோக்கித் தள்ளுவதால் தலை தானே காற்றை நோக்கித் திரும்பிக்கொள்கிறது. மோட்டாரும் இல்லை, இரண்டாம் நங்கூரமும் இல்லை. சில கஜத் துணி அவ்வேலையைச் செய்கிறது.

ஆயினும் கடலின் சீற்றத்திற்கு முன் அதுவும் சிறிதே. புயல் இரவுகளில் ஒருவர் கோடரியுடன் வடத்தின் அருகே நிற்பது அம்மீனவரின் வழக்கம். நங்கூரம் பெயர்ந்த கப்பல் ஒன்று இருளில் தம்மீது வருமானால், தம் வடத்தைத் தாமே வெட்டி விலகவேண்டும். ஒரு நொடி முந்தினால் மீனும் நங்கூரமும் நட்டம். ஒரு நொடி பிந்தினால் இரு கப்பலும் நட்டம். 1862 பிப்ரவரி 24-ஆம் நாள் வீசிய புயலில் கிளாஸ்டர் ஊர் 15 கப்பல்களையும் 120 ஆடவரையும் ஒருசேர இழந்தது. சிறிய மீனவர் ஊர் ஒன்றில் 120 பேர் என்றால் அழுகுரல் கேளாத தெரு இருந்திருக்குமா?

இன்றைய நிலை

இருமுனையையும் பிணிப்பதே முழுமையான மாற்று. கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் கடலோதம் சில நாட்களில் சுவர்போல் எழுந்து ஆற்றை எதிர்த்து ஏறும். அங்கே ஒற்றை நங்கூரத்தை நம்ப முடியாது. ஆற்றின் நடுவே நிறுத்தும் கப்பல்களை, ஆற்றடியில் பதித்த கனத்த சங்கிலிகளோடு அணியத்திலும் பின்னணியத்திலும் சேர்த்துப் பிணித்தனர்.

இக்காலத்துப் பாய்ப் படகுகளில் இவ்வெல்லா முறைகளும் சிறு வடிவில் வாழ்கின்றன. சிலர் பின்புறத்தில் ஒரு சிறு முக்கோணப் பாயைக் கட்டுகின்றனர். சிலர் வடத்தின் வழியே ஒரு பளுவை நீருக்குள் இறக்கி, அதன் வளைவை மிகுதியாக்குகின்றனர். சிலர் இரண்டாவது நங்கூரத்தை அணியத்துக்கு நேர் கீழே தரையைத் தொடுமளவு இறக்கி, அது இழுபடும் தடையால் ஆட்டத்தைக் குறைக்கின்றனர். இரட்டை உடல் கொண்ட படகுகளில், இரு அணியங்களிலிருந்தும் இரு கயிறுகள் புறப்பட்டு முன்னே வடத்தில் கூடுகின்றன. திருத்தேருக்கு இருபுறமும் வடம் பூட்டுவதை ஒத்தது இது. தலை ஒருபுறம் விலகினால் மறுபுறத்துக் கயிறு இறுகித் திருப்புகிறது. அவ்வகைப் படகை உலகெங்கும் 'கேட்டமரான்' என்கின்றனர். நம் கட்டுமரத்தின் பெயரே அது. உருவம் வேறாயினும் சொல் நம்முடையது. நங்கூரம் பெயர்ந்து படகு எல்லை கடந்தால், செயற்கைக்கோளின் உதவியால் மணியடித்து எழுப்பும் கருவிகளும் இன்று வந்துவிட்டன. கருவி மணிதான் அடிக்கும். எழுந்து சென்று கயிற்றைப் பிடிப்பவர் மனிதரே.

இவ்வரலாறு முழுவதிலும் நாம் கண்ட உண்மை ஒன்றே. ஒரு முனையில் மட்டும் பிணித்த பொருள், எவ்வளவு வலுவான வடத்தால் பிணித்தாலும் ஊசலாடும். இரண்டாவது ஒரு பிடிப்பு, அது பாயோ, பளுவோ, கயிறோ, எவ்வளவு சிறிதாயினும், அதை அடக்கும்.

இதனை எழுதுகையில் நம் குடியிருப்பு நினைவுக்கு வராமல் இல்லை. ஊரிலிருந்து வந்த புதிதில் நமக்கும் ஒரே வடந்தான். ஆண்டுக்கு ஒருமுறை பாஸ் வாங்கி ஊருக்குப் போவதும், திரும்பி வந்து அடுத்த பாஸை எண்ணிக்கொண்டிருப்பதுமாக இருந்தோம். உடல் இங்கும் மனம் அங்குமாக ஊசலாடிய நாட்கள் அவை. பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பத்தின் திருமணத்துக்கு நாம் பந்தற்கால் ஊன்றிய நாளிலும், நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் தமிழெழுத்துப் பழகத் தொடங்கிய நாளிலுந்தான் இரண்டாம் பிடிப்பு விழுந்தது. முதல் வடத்தை நாம் அறுக்கவில்லை, அறுக்கவும் வேண்டியதில்லை. மற்றொன்றையும் சேர்த்துக் கட்டினோம்; அவ்வளவே.

அடுத்த முறை அப்போலோ பந்தருக்குச் செல்லும் சிறுவர் சிறுமியர், நிற்கும் படகுகளைச் சிறிதுநேரம் பொறுமையாகப் பார்க்கட்டும். எது அதிகம் ஆடுகிறது, எது அடங்கி நிற்கிறது, எதன் பின்புறத்தில் சிறு பாய் இருக்கிறது என்று குறித்துவரட்டும். நம் பெண் தன் நோட்டில் ஏற்கனவே குறிக்கத் தொடங்கிவிட்டாள்.